உப்பு மரவையும் இரும்புப் பூணும்

வெள்ளாற்றங்கரையில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டை இடித்துக் கட்டுவது என்று முடிவானபோது, பரணில் இருந்த பொருள்களையெல்லாம் இறக்கி முற்றத்தில் வைத்தோம். பித்தளை அண்டாக்களுக்கும் செம்புக் குடங்களுக்கும் உடனே ஆள் கிடைத்தது. எவருக்கும் வேண்டாத பொருளாக ஓரத்தில் கிடந்தது ஒரு மரப்பாத்திரம். என் தாயாரின் தாயார், நாங்கள் நன்னிமா என்று அழைத்தவர், சமையற்கட்டில் உப்பு வைத்திருந்த மரவை அது. கடைசலில் உருட்டி எடுத்த பூவரசு மரம். வெளிப்புறம் முழுவதும் ஒரு காலத்தில் சிவப்பு அரக்கு பூசியிருந்தார்கள். இப்போது பள்ளங்களில் மட்டும் அதன் நிறம் தங்கியிருக்கிறது. வயிற்றைச் சுற்றி மூன்று கரிய வளையங்கள். அவை மையோ வண்ணமோ அல்ல, மரத்தைத் தீய்த்து உண்டாக்கியவை. வாய் ஓரத்தில் ஒரு வெடிப்பு, அது விரியாதிருக்க அடித்த ஓர் இரும்புப் பூண்.

அதைக் கையில் எடுத்தவள் என் தங்கை மகள். மின்சாரச் சூட்டுக்கோலால் மரத்தில் எழுதுவதையும் வரைவதையும் அவள் சில காலமாகக் கற்று வருகிறாள். பைரோகிராபி என்று அதற்குப் பெயர். நிக்காஹ் அன்பளிப்புக்கென்று மரக்கிண்ணங்களில் மணமக்கள் பெயரைச் சுட்டு எழுதி, ஓரத்தில் வண்ணம் தீட்டித் தருகிறாள். “மாமா, இதுக்குள்ள ஆயத்துல் குர்ஸிய வட்டமா சுட்டு எழுதிடட்டுமா? ஹால்ல வச்சா எவ்வளவு அழகா இருக்கும்!” என்று கேட்டாள். உடனே சரி என்றும் சொல்ல முடியவில்லை, கூடாது என்றும் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

மரவை என்பது மரத்தால் ஆன பாத்திரத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். தானியம் அளக்கும் மரக்காலின் பெயரிலும் மரமே இருக்கிறது. உப்பை மரத்தில் வைத்ததற்குக் காரணம் வறுமையன்று. செம்பிலும் பித்தளையிலும் உப்புப் பட்டால் களிம்பு ஏறும், இரும்பு துருவேறும், மண்பாண்டம் உப்பின் ஈரத்தை உறிஞ்சிப் பொரிந்து உதிரும். மரம் ஒன்றுதான் உப்போடு பல்லாண்டு இணங்கி வாழும். பணக்கார வீட்டிலும் உப்பு மரவை இருந்தது இதனால்தான். நோன்புப் பெருநாள் தருமத்தை நம் முன்னோர் மரக்காலாலும் படியாலும் அளந்து கொடுத்தார்கள். ஸாஉ என்ற அரபு அளவை ஊர் அளவையாக மாற்றிக் கணக்குச் சொல்வது பள்ளிவாசல் ஆலிமின் ரமளான் மாதக் கடமைகளில் ஒன்றாக இருந்தது. இன்று அது கிலோ கணக்காகிவிட்டது.

நம் பெரம்பலூர், அரியலூர் வட்டாரம் மரவேலைக்குப் பெயர் பெற்றதுதான். பச்சைமலை அடிவாரத்தில் உள்ள அரும்பாவூரின் மரச்சிற்பங்களுக்கு 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. தேர் செய்யும் தச்சுத் தொழிலோடு சேர்ந்து வளர்ந்த கலை அது. மா, வேம்பு, தோதகத்தி முதலிய மரங்களில், ஒரே மரத்துண்டிலிருந்து உருவத்தைக் குடைந்து எடுப்பது அதன் சிறப்பு. அவ்வூர்க் கைவினைஞர்கள் செய்பவை பெரும்பாலும் கோயிலுக்குரிய உருவங்கள். அவை அவர்களுடைய வழிபாட்டோடு சேர்ந்தவை. ஆனால் மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, உளி எங்கே வழுக்கும், எந்த மரம் காய்ந்தபின் வெடிக்கும் என்ற அறிவு எந்த மதத்துக்கும் உரியதன்று. நம் வீடுகளின் நிலைக்கதவும் தொட்டிலும் அஞ்சறைப்பெட்டியும் அந்த அறிவிலிருந்து பிறந்தவையே. (மரம் என்று பேச்சு வந்தபின் சாத்தனூரைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. இம்மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில், பல கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்து கல்லாகிப்போன பதினெட்டு மீட்டர் நீள அடிமரம் ஒன்று கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அதைக் கண்டறிந்தார். குழந்தைகளை ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுங்கள்.)

சிற்பி உளியால் செதுக்குகிறார். கடைசற்காரரோ உளியை அசையாமல் பிடித்துக்கொண்டு மரத்தைச் சுழல விடுகிறார். மோரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல் இருப்பது தற்செயலன்று. பழைய கடைசல் பட்டறையில் மரத்துண்டைச் சுற்றிக் கயிற்றையோ தோல்வாரையோ போட்டு ஒருவர் மாறி மாறி இழுப்பார், மத்தில் கயிறு இழுப்பது போலவே. மரம் ஒருமுறை வலமாகவும் ஒருமுறை இடமாகவும் சுழலும். எதிரே அமர்ந்திருப்பவர் மரம் தம் பக்கமாகச் சுழன்று வரும் அந்த அரை நொடியில் மட்டும் உளியை அழுத்துவார். அரபு மொழியில் கடைசற்காரருக்குக் ‘கர்ராத்’ என்று பெயர். கெய்ரோவின் பழைய வீடுகளில் உள்ள மஷ்ரபிய்யா எனும் சன்னல்களின் சின்னஞ்சிறு மரக் குமிழ்கள் ஆயிரக்கணக்கில் இவர்கள் கையிலிருந்து வந்தவையே. வட இந்தியாவில் கடைசல் தொழிலைக் குறிக்கும் ‘கராத்’ என்ற சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

பாத்திரத்தின் உருவம் அமைந்ததும் அதைக் கடைசலிலிருந்து கழற்றுவதற்கு முன்பே அலங்காரம் தொடங்கிவிடும். முதல் அலங்காரம் தீ. சுழலும் மரத்தில் உளியால் நூல் போல ஒரு பள்ளம் கீறி, அதில் ஒரு கம்பியையோ கெட்டியான மரச்சில்லையோ அழுத்திப் பிடித்தால், உராய்வின் சூட்டில் புகை எழும். சில கணங்களில் அழிக்க முடியாத கரிய வளையம் ஒன்று மரத்தில் பதியும். அடுப்பு வேண்டாம், மை வேண்டாம். எங்கள் மரவையின் மூன்று வளையங்களும் இப்படி வந்தவைதான். மருமகளின் மின்சாரச் சூட்டுக்கோலுக்கு இதுவே முப்பாட்டன் எனலாம். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மூங்கிலில் துளையிட்டுப் புல்லாங்குழல் செய்கிறோம். சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதிப் பழங்குடியினர் காய்ச்சிய கத்தியால் சுரைக்குடுவையில் இலையும் கொடியும் தீட்டுகிறார்கள். தீயை எழுதுகோலாகக் கொள்வது மனிதனுக்குப் பழைய பழக்கம்.

இரண்டாவது அலங்காரம் அரக்கு. பூவம், புரசு, இலந்தை போன்ற மரங்களின் சிறு கிளைகளில் ஒட்டிவாழும் ஒரு நுண்பூச்சி சுரக்கும் பிசின் அது. அதை உருக்கி, வண்ணம் கலந்து, குச்சி குச்சியாக இழுத்து வைத்துக்கொள்வார்கள். சுழலும் பாத்திரத்தின்மேல் அந்தக் குச்சியை அழுத்தினால், உராய்வுச் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தைப் பற்றிக்கொள்ளும். பிறகு தாழை மடலை வைத்துத் தேய்த்தால் கண்ணாடி போன்ற மினுமினுப்பு வரும். தூரிகையே வேண்டாத வண்ணப் பூச்சு. தீ வளையத்துக்கும் அரக்குக்கும் சூடு தருவது ஒரே உராய்வுதான் என்பதைப் படித்தபோது, இத்தொழிலைக் கண்டுபிடித்தவர்களின் அறிவு என்னை வியக்க வைத்தது.

தமிழ்நாட்டில் இவ்வகை அரக்குக் கடைசலுக்குப் பெயர் பெற்ற ஊர் தாமிரபரணிக் கரையின் அம்பாசமுத்திரம். சிறுமியர் விளையாடும் மரச் சொப்புச் சாமான்கள் அங்கிருந்துதான் தமிழகமெங்கும் போயின. அம்மியும் உரலும் குடமும் கரண்டியுமாக ஒரு முழுச் சமையற்கட்டே சிவப்பும் மஞ்சளுமாக ஓர் ஓலைப்பெட்டிக்குள் அடங்கியிருக்கும். அதே ஆற்றங்கரையின் பத்தமடையில் கோரைப்புல்லைப் பட்டுப்போல நெய்து கல்யாணப் பாய் செய்பவர்கள் நம் சமுதாயத்து நெசவாளர்கள். பாயில் மணமக்கள் பெயரை நெய்து தருவது அவர்களுடைய மரபு. கிண்ணத்தில் பெயரைச் சுடும் என் மருமகள் செய்வதும் அதன் தொடர்ச்சியே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இந்தத் தலைப்பைத் தொட்டாலே நம்மவர் சிலர் உடனே சன்னபட்டணத்துக்குப் போய்விடுவார்கள். பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையிலுள்ள அவ்வூரின் மரப்பொம்மைகள் உலகறிந்தவை. 1782 முதல் 1799 வரை ஆண்ட திப்பு சுல்தான் பாரசீகத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து அங்கே இத்தொழிலை ஊன்றினார் என்பது வழிவழியாக வழங்கிவரும் செய்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாவாஸ் மியான் என்பவர் ஜப்பானியப் பொம்மைத் தொழிலின் நுட்பங்களைக் கொண்டுவந்து அதை வளர்த்தார். இன்றும் அங்கே பட்டறைகளில் பணிபுரிவோரில் முஸ்லிம்கள் பலர். அவர்கள் பயன்படுத்தும் வெள்ளை மரம் நம் பக்கத்தில் வெட்பாலை என்று அழைக்கப்படுவது. தோல் நோய்க்கு எண்ணெய் காய்ச்சுவார்களே, அதே மரம். ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகாவிலும் இதே மரத்தில்தான் அரக்குக் கடைசல் நடக்கிறது.

ஆனால் இந்தக் கலையையே நாம்தான் இந்நாட்டுக்குக் கொண்டுவந்தோம் என்று பெருமை பேசுவதை நான் ஏற்பதில்லை. திப்புவுக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே அக்பரின் அவையில் அபுல் ஃபஸ்ல் எழுதிய ஆயினே அக்பரியில், தட்டிகளுக்குப் பூசும் வண்ண அரக்கின் கலவைக் கணக்கு இருக்கிறது. நான்கு பங்கு அரக்குக்கு ஒரு பங்கு சாதிலிங்கம் சேர்த்தால் சிவப்பு, ஒரு பங்கு தாளகம் சேர்த்தால் மஞ்சள், அவுரி நீலம் சேர்த்தால் நீலம். இவ்வளவு திட்டமான கணக்கு எழுதப்படும்போது தொழில் ஏற்கெனவே முதிர்ந்திருந்தது என்றுதான் கொள்ள வேண்டும். இலங்கையின் மாத்தளைப் பகுதியில் பெருவிரல் நகத்தால் அரக்கை நூலாக இழுத்துப் பதிக்கும் கலை உண்டு. தமிழ் மரபில் வந்த ஆனந்த குமாரசாமி 1908இல் வெளியிட்ட நூலில் அதை விரிவாக எழுதியிருக்கிறார். அங்கே அத்தொழிலைச் செய்தவர்கள் சிங்களக் கைவினைஞர்கள். கலை என்பது ஆறு மாதிரி. ஒரு கரைக்காரர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது.

அந்தக் கலவைக் கணக்கில் நாம் கவனிக்க வேண்டிய வேறொன்றும் இருக்கிறது. சாதிலிங்கம் பாதரசம் சேர்ந்தது. தாளகம் பாஷாணம், அதாவது ஆர்சனிக் சேர்ந்தது. பழைய அரக்குச் சாமான்களின் அழகிய சிவப்பும் மஞ்சளும் பல இடங்களில் இவற்றால் வந்தவை. பிசினாகிய அரக்கு தன்னளவில் தீங்கற்றது. இன்று மாத்திரைகளின் மேலும் மிட்டாய்களின் மேலும் மினுமினுப்புக்காகப் பூசுகிறார்கள். வண்ணம்தான் கவலைக்குரியது. எங்கள் மரவையின் உட்புறத்தை வண்ணம் பூசாமல் வெறும் மரமாக விட்டிருப்பதைப் பார்த்தபோது, அதைச் செய்த பெயர் தெரியாத கடைசற்காரரை மனத்துக்குள் வாழ்த்தினேன். பழைய மரச்சாமான் வீட்டில் இருந்தால், அதன் உள்ளே வண்ணமிருந்தால், அதில் உண்ணும் பொருளை வைக்காதீர்கள். குழந்தைகள் வாயில் வைக்கவும் விடாதீர்கள். புதிதாக வாங்குவோர் மஞ்சள், அவுரி போன்ற தாவர வண்ணம்தானா என்று கேட்டு வாங்கலாம்.

இந்தத் தேடலில் எனக்கு மிகவும் நெருக்கமாகிப்போன இடம் மாலத்தீவு. காயல்பட்டினத்து மரக்கலங்கள் போய்வந்த தீவுகள் அவை. கி.பி. 1153இல் அந்நாடு இஸ்லாத்தைத் தழுவியது. அங்கே பா அட்டோலில் உள்ள துலாதூ என்ற சின்னஞ்சிறு தீவு அரக்குக் கடைசலுக்கென்றே பெயர் பெற்றது. மரத்தைக் கடைந்து, கருப்பு, சிவப்பு, மஞ்சள் என்று அரக்கை அடுக்கடுக்காக ஏற்றி, மேலடுக்கைக் கூரிய கருவியால் கீறி, அடியிலிருக்கும் நிறத்தைக் கொடியாகவும் இலையாகவும் வெளிக்கொணர்வார்கள். லியலா ஜெஹுன் என்று அதற்குப் பெயர். மரம் அவர்கள் மொழியில் ஃபுனா. நம் கடற்கரைப் புன்னையேதான். இக்கலையின் மணிமுடி மாலாஃபை எனப்படும் மூடியுள்ள பெரிய வட்டத் தட்டு. விருந்துணவை அதில் அடுக்கி மூடி எடுத்துச் செல்வார்கள். தலைநகர் மாலேயில் 1658இல் கட்டப்பட்ட பழைய ஜும்ஆப் பள்ளிவாசலின் உட்புற மரவேலைப்பாடுகளிலும் இதே அரக்குக் கலை மின்னுகிறது. உண்ணும் தட்டிலும் தொழும் பள்ளியிலும் ஒரே கைத்திறன்!

1602இல் பிரெஞ்சுக் கப்பலொன்று அத்தீவுகளில் மோதி உடைந்தது. அதிலிருந்து உயிர்பிழைத்த பிரான்சுவா பிரார் என்ற மாலுமி 1607 வரை அங்கேயே தங்க நேர்ந்தது. நாடு திரும்பியபின் அவர் எழுதிய பயண நூலில் மாலத்தீவு மக்களின் உணவுப் பழக்கத்தை நுணுக்கமாகப் பதிவு செய்திருக்கிறார். அவர்கள் உணவுத் தட்டை அரக்குப் பூசிய மூடியுள்ள மரப்பெட்டிக்குள் வைத்தே பரிமாறுகிறார்கள் என்றும், எறும்புத் தொல்லைக்காகவே அந்த ஏற்பாடு என்றும் சொல்கிறார். பொன், வெள்ளிப் பாத்திரங்களை அவர்கள் தங்கள் மார்க்கச் சட்டத்தின் காரணமாகப் பயன்படுத்துவதில்லை என்பதையும் கவனித்திருக்கிறார்.

அந்த வரியில்தான் என் கண் நின்றது. பொன்னாலும் வெள்ளியாலும் ஆன பாத்திரங்களில் உண்பதையும் பருகுவதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பது நாம் அறிந்ததே. ஹுதைஃபா (ரலி) அவர்கள் மதாயின் நகரில் தமக்கு வெள்ளிக் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவரப்பட்டபோது அதை வீசியெறிந்து இத்தடையை எடுத்துச் சொன்ன நிகழ்ச்சி புகாரியில் உள்ளது. இந்தத் தடை முஸ்லிம் நாடுகளின் கைவினை வரலாற்றில் ஒரு பெரிய திருப்பம் என்று கலை வரலாற்றாசிரியர் பலர் கருதுகிறார்கள். பொன்னில் காட்டியிருக்கக் கூடிய திறமையை மண்ணிலும் செம்பிலும் கண்ணாடியிலும் மரத்திலும் காட்ட வேண்டியதாயிற்று. எளிய பொருளுக்கு இவ்வளவு அலங்காரம் ஏன் என்று கேட்போருக்கு, அரிய பொருளை விலக்கியதால்தான் என்பது ஒரு நல்ல விடை.

நபியவர்கள் பருகிய கிண்ணமே மரக்கிண்ணம்தான். அதை அனஸ் (ரலி) அவர்கள் பாதுகாத்து வைத்திருந்தார்கள். ஆஸிம் அல்அஹ்வல் அதைக் கண்டதாக அறிவிக்கிறார். நுளார் எனும் மரத்தால் ஆன, அகன்ற, நல்ல கிண்ணம். உடைந்திருந்ததால் வெள்ளியால் இணைக்கப்பட்டிருந்தது. அதைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் இருந்தது என்று இப்னு சீரீன் கூறுகிறார். அதை நீக்கிவிட்டுப் பொன்னாலோ வெள்ளியாலோ வளையம் போட அனஸ் (ரலி) விரும்பினார்கள். அவர்களுடைய மாற்றுத் தந்தையான அபூ தல்ஹா (ரலி), அல்லாஹ்வின் தூதர் செய்துவைத்த எதையும் மாற்ற வேண்டாம் என்று தடுத்தார்கள். அனஸ் (ரலி) அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அன்பின் மிகுதியால் அழகுபடுத்த நினைத்தவர் ஒருவர்; அன்பின் மிகுதியாலேயே தொடாதே என்றவர் இன்னொருவர். இருவருமே நபித்தோழர்கள். எங்கள் முற்றத்தில் நடந்ததும் ஏறக்குறைய அதே வழக்குத்தான். நன்னிமாவின் மரவையை நபியவர்களின் கிண்ணத்தோடு ஒப்பிடுவதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். அந்த எண்ணமே அடாதது. நான் சொல்வது கேள்வியின் வடிவம் ஒன்று என்பதைத்தான்.

இனி மருமகளின் கேள்வியின் இன்னொரு பாதி: கிண்ணத்துக்குள் இறைவசனம் எழுதலாமா? கண்காட்சிகளிலும் கைபேசி விற்பனைப் பக்கங்களிலும் வசனம் சுட்ட மரக்கிண்ணங்கள் நிறைய வருகின்றன. சுவரில் மாட்டும் பலகை வேறு. எச்சில் படும், கழுவப்படும், தரையில் வைக்கப்படும் பாத்திரம் வேறு. பத்தாம் நூற்றாண்டில் நிஷாப்பூரிலும் சமர்கந்திலும் வாழ்ந்த முஸ்லிம் குயவர்கள் இதற்கு ஓர் அழகிய வழி கண்டிருந்தார்கள். அவர்கள் செய்த வெண்ணிறக் கிண்ணங்களின் ஓரத்தைச் சுற்றிக் கருநிறக் கூஃபி எழுத்து ஓடும். இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் அவற்றைக் காணலாம். எழுதியிருப்பவை பெரும்பாலும் பழமொழிகளும் வாழ்த்துகளும். ஈகையைப் புகழ்வது, அவசரத்தைக் கண்டிப்பது, உரியவருக்கு பரக்கத்து வேண்டுவது போன்றவை. விருந்தாளி உண்டு முடிக்க முடிக்க வாக்கியம் தெளிவாகும். எழுத்தின் அழகும் கிடைத்தது. பாத்திரத்துக்குரிய சொல்லாகவும் அது அமைந்தது.

உருவங்களைப் பொறுத்தவரை கடைசற்காரருக்குச் சங்கடமே இல்லை. உருவம் வரைந்து பிழைக்கும் ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் நிலையைச் சொன்னபோது, செய்துதான் ஆகவேண்டுமானால் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள்ளுமாறு அவர்கள் வழிகாட்டினார்கள். சுழலும் மரமோ வளையங்களை மட்டுமே ஏற்கும். கடைசலின் இயல்பே கோலமாகிவிடுகிறது. துலாதூவின் தட்டுகளிலும் எங்கள் மரவையிலும் இருப்பவை இவ்விரண்டே: வளையமும் கொடியும்.

எங்கள் பக்கத்து வீடுகளிலிருந்து மரப்பாத்திரம் மறைந்ததற்கு மார்க்கமோ ரசனை மாற்றமோ காரணமில்லை. முதலில் எவர்சில்வர் வந்தது. பிறகு வளைகுடாவுக்குப் போன பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மெலமைன் தட்டுகளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தார்கள். தூளுப்பு நெகிழிப் பையில் வரத் தொடங்கியதும் கல்லுப்பும் மரவையும் சேர்ந்தே வெளியேறின. கடைசல் பட்டறைகளில் கட்டில் கால்களையும் மாடிப்படிக் கைப்பிடித் தூண்களையும் கடைவார்கள். கிண்ணம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பார்கள். சஹன் மட்டும் நம் விருந்துகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரே தாலத்தைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து உண்ணும் அந்த வழக்கத்துக்கு வேர் எங்கே என்று தேடினால், நால்வர் தூக்கிவர வேண்டிய அளவு பெரிதான ‘கர்ரா’ என்ற நபியவர்களின் உணவுத் தட்டு நினைவுக்கு வரும். கூட்டம் பெருகியபோது இடம் தருவதற்காக நபியவர்கள் முழங்காலிட்டு அமர்ந்து, ஓரங்களிலிருந்து உண்ணச் சொன்னார்கள் என்று அப்துல்லாஹ் பின் புஸ்ர் (ரலி) அறிவிக்கிறார்கள். மாலாஃபையும் சஹனும் அந்தத் தட்டின் தூரத்து உறவுகளாகவே எனக்குத் தெரிகின்றன.

இவற்றையெல்லாம் ஒரு மாலை மருமகளிடம் சொன்னேன். அபூ தல்ஹா (ரலி) அவர்களின் செய்தியைக் கேட்டதும் சிறிது நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, “அப்போ அந்த மூணு வளையத்தையும் அளவெடுத்துக்கிறேன் மாமா” என்றாள்.

பெரம்பலூரில் ஒரு கடைசல் பட்டறையில் சொல்லி, வெட்பாலைக் கட்டையில் புதிய மரவை ஒன்று கடைந்து வாங்கினோம். கட்டை சரியாகக் காயவில்லை என்று கடைசற்காரர் இரண்டு மாதம் காக்க வைத்தார். வளையங்களைச் சூட்டுக்கோலால் போட வேண்டாம், பழைய முறையிலேயே போடலாம் என்று அவரே சொல்லி, மோட்டாரை ஓடவிட்டுக் கம்பியை அழுத்திக் காட்டினார். இரண்டு வளையத்தை அவர் போட்டார். மூன்றாவதை இவள் போட்டாள். அது சற்றே கோணலாக விழுந்திருக்கிறது. வெளிப்புறத்தில் மஞ்சள் கலந்த அரக்கு. உட்புறம் வெறும் மரம். வெளி ஓரத்தில் ‘பரக்கத்’ என்ற ஒரு சொல்லை மட்டும் அவள் அரபெழுத்தில் சுட்டு எழுதினாள்.

புதியதில் இப்போது என் தங்கை வீட்டுக் கல்லுப்பு இருக்கிறது. பழையதை எண்ணெய்த் துணியால் துடைத்து, இரும்புப் பூணின் துருவை மட்டும் தேய்த்து எடுத்துவிட்டு, என் மேசையின் மேல் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் அதன் உட்புறம் இன்னும் ஈரம் கசிகிறது. அத்தனை ஆண்டு உப்பு.